நான்தான் கொடுப்பேன்

வள்ளல் முகமெல்லாம் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றிருந்தபோது, அவர் மனைவி அவருடைய பர்ஸிலிருந்து வங்கிக் கார்டை உருவித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். திருடுகிற மாதிரி இல்லை. குழந்தை கையில் அகப்பட்ட கத்தியை வாங்கி மேல்தட்டில் வைக்கிற மாதிரி. பர்ஸைப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

வள்ளல் என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். வைத்தவர்கள் அத்தனை பேரும் அவர் காசில் சாப்பிட்டவர்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். சிலருக்குச் செருப்பைக் கண்டால் கை நிற்காது, சிலருக்குச் செல்போன். இவருக்கு ஹோட்டல் பில். தனக்கென்று ஒரு சட்டை வாங்க ஆறு மாதம் யோசிப்பார். நைந்த காலரைத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொள்வார். ஆனால் நாலு பேர் சாப்பிட்டு முடித்த மேஜையில் பில்லை வைத்து மூடிய அந்தக் கறுப்பு அட்டை வந்து உட்கார்ந்துவிட்டால், அவருடைய வலது கை அவரிடம் அனுமதி கேட்பதில்லை. "இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்." இதைச் சொல்லும்போது அரையடி வளர்ந்துவிடுவார். மற்றவர்கள் "எதுக்கு சார் நீங்களே" என்பார்கள், பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்காமலேயே. அந்த வளர்ச்சி வீட்டு வாசல்வரை தாங்கும். மாடிப்படி ஏற ஏறக் குறையும். கதவைத் திறக்கும்போது மனைவி பார்ப்பது பழைய உயரத்து ஆளைத்தான்.

அவள் பொய்ப்பல் கட்டுகிறவள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். மெழுகில் வரிசை பிடித்து, ஈறின் நிறம் கூட்டி, வாய்க்குப் பொருந்தச் செய்து அனுப்ப வேண்டும். இத்தனை வருஷமும் இன்னொருவர் பட்டறையில்தான் வேலை. இப்போது மருத்துவமனைத் தெருவில் ஜன்னலும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஒரு அறை கிடைத்திருக்கிறது. நாளை காலை அறைச் சொந்தக்காரர் கைக்கு முன்பணம் முழுசாக வந்தால் சாவி அவளுக்கு. வராவிட்டால் ஒரு தையல்காரர் காத்திருக்கிறார். பணம் இருவர் பேரிலும் உள்ள கணக்கில் இருந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் போகிற அளவு குறைந்தாலும் அறை போய்விடும்.

இந்த நேரம் பார்த்துத்தான் சகலை கூப்பிட்டான். அவளுடைய தங்கை புருஷன்; தரைக்கல் வியாபாரம். "புது கார் எடுத்திருக்கேன் சகல. ட்ரீட் என்னோடது. நீங்க பர்ஸையே தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

பஸ்ஸில் போகும்போது அவள் கேட்டாள். "இன்னைக்குக் கை அடங்கி இருக்குமா?"

"அவன் கூப்பிட்டிருக்கான், அவன் கொடுக்கறான். நான் என்ன பைத்தியமா?"

"நான் பதில் சொன்னா உங்களுக்குக் கோபம் வரும்."

"சத்தியமா இன்னைக்கு இல்ல, போதுமா?"

சத்தியம் செய்த கையை அவர் தொடையில் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். கைப்பையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஹோட்டல், மெதுவாகப் பேச வைக்கும் வகை. சகலை உட்கார்ந்ததும் கார் சாவியை எடுத்து மேஜைக்கு நட்டநடுவில், பூச்சாடி பக்கத்தில் வைத்தான். சாவி பைக்குள் இருந்தால் யாருக்குத் தெரியும். "கதவைச் சாத்தினா சத்தமே வராது சகல. சாத்திட்டோமான்னு நமக்கே சந்தேகம் வந்துடும்." தங்கை சிரிக்கவில்லை. சாத்தாத கதவைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பவள் போல வாசலைப் பார்த்தாள்.

மெனு வந்ததும் சகலை வலதுபக்க எண்களைப் பார்க்கவே இல்லை. "முழு மீனா ஒண்ணு கொண்டு வாங்க. இறால் ரெண்டு பிளேட்." வள்ளல் ஒரு கணம் தயங்கினார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருவர் காசில் சாப்பிடப்போகிற ஆளுக்கு வருகிற விடுதலை அவருக்கும் வந்தது. "நண்டு இருக்காப்பா?" என்றார் சர்வரிடம்.

"கேளுங்க சகல, கேளுங்க. கூச்சப்படாதீங்க."

"நான் எதுக்குக் கூச்சப்படறேன்."

மீன் வந்தது. நண்டு வந்தது. யாரும் கேட்காத ஒரு சூப்பும் வந்தது. சகலை அதையும் திருப்பி அனுப்பவில்லை. அவனுடைய தாராளம் ஏறிக்கொண்டே போனதைப் பார்க்கப் பார்க்க வள்ளலின் மனைவி மடியிலிருந்த கைப்பையை இன்னும் நெருக்கிப் பிடித்தாள். குடும்பத்தில் எத்தனை சாப்பாடு முடிந்திருக்கிறது, எல்லாம் ஒரே மாதிரி. பில் வரும். இருவரும் பாய்வார்கள். "விடுங்க சகல." "நீங்க விடுங்க." அட்டை கிழிகிற அளவுக்கு இழுபறி. இதில் சகலையைக் குறை சொல்லவே முடியாது. முழுப் பலத்தோடு இழுப்பான். விடவேண்டிய நொடி வந்ததும் விட்டுவிடுவான். "உங்ககிட்ட ஜெயிக்க முடியுமா" என்று பெருமூச்சு வேறு.

இப்போதும் அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நாளெல்லாம் வாய்களோடு பழகுகிறவளுக்கு அந்தச் சிரிப்பில் கன்னம் கலந்துகொள்ளவில்லை என்று தெரிந்தது. தங்கையின் தட்டில் மீன் துண்டு வைத்தபடியே இருந்தது. கழுத்தில் தங்கச் சங்கிலி இருந்த இடத்தில் மெல்லிய மணிச்சரம் கிடந்தது. வந்ததிலிருந்து இதை எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று அவளுக்குத் திக்கென்றது.

ஐஸ்கிரீம் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போன சர்வர் கறுப்பு அட்டையோடு திரும்பி வந்தார். கார் சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மரியாதையாக விலகி நின்றார்.

சகலை கையை நீட்டினான். நீட்டினான் என்றால், இழுபறிக்குத் தோதாகப் பாதி தூரம். "நான்தான் கொடுப்பேன், யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு வள்ளலைப் பார்த்தான்.

வள்ளல், "சரி சகல" என்றார்.

மேஜையில் அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன் விழுந்ததே இல்லை. சகலையின் கை காற்றிலேயே நின்றது. பிறகு திரும்பிப் போய்த் தண்ணீர் டம்ளரை எடுத்தது. குடித்தான். மறுபடி குடித்தான். டம்ளரில் தண்ணீர் தீர்ந்த பிறகும் கொஞ்சம் குடித்தான்.

"இல்ல, நீங்க எப்பவும் ஒத்துக்க மாட்டீங்களே, அதான்."

"வாக்குக் குடுத்துட்டேன், சகல." வள்ளலின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. வாக்குக் கொடுத்தது யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. அவருடைய வலது கை மேஜை விளிம்புக்கு வந்தது, திரும்பியது, மறுபடி வந்தது. சர்வர் இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறினார். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது. பர்ஸ் மேஜைக்கடியில் திறந்தது.

கார்டு இருக்கவேண்டிய இடம் காலி. வள்ளல் மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அவள் பூச்சாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவளுடைய இடதுகையைத் தங்கை பிடித்தாள். மேஜைவிரிப்புக்கு அடியில், ஐஸ்கிரீம் கிண்ணத்தைவிடச் சில்லென்ற கை. "அக்கா," என்றாள், உதடு அசையாமல். "மாமா எப்பவும் போலக் குடுத்துடுவார்னு சொல்லித்தான் இவர் கிளம்பினாரு. கார் தவணை கட்டினதும் ஒண்ணுமே இல்லக்கா. மாசக் கடைசில தந்துடறேன்."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். இருபது வருஷமாகப் புருஷன் கையைத் திட்டி வந்தவள் அவள். இப்போது அவளுடைய சொந்த வலதுகை, அவளைக் கேட்காமல், கைப்பையின் பூட்டைத் தடவிக்கொண்டிருந்தது. ஒரு கிளிக். அவ்வளவுதான் வேண்டும். தங்கை முகம் மலர்ந்துவிடும். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிக்கொள்வார். எல்லோரும் எழுந்து, சத்தமே வராத கதவு வழியாக அந்தக் காரில் ஏறிப் போகலாம். அரையடி வளர்வது என்றால் இதுதானா என்று அவளுக்குத் தோன்றியது. பூட்டு திறந்தது.

வள்ளலின் கை வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. வியர்த்த கை. ஆனால் பிடி கெட்டியாக இருந்தது. பில்லைத் தவிர வேறெதையும் அவர் இவ்வளவு கெட்டியாகப் பிடித்து அவள் பார்த்ததில்லை.

"நாளைக்கு ரூம் சாவி," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

தங்கையும் பிடியை விடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு கையும் கட்டுண்டவளாக, திறந்த கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பைக்குள் கார்டின் ஒரு மூலை பளபளத்தது.

"கார்டா, கேஷா சார்?" என்றார் சர்வர், யாரிடம் என்று இல்லாமல்.

"ஒரு போன் பண்ணணும், வெளியில சிக்னல் நல்லா இருக்குமா?" என்று சகலை கேட்டான். சிரிப்பை மட்டும் முகத்தில் அப்படியே விட்டுவிட்டு, அவன் மறுபடி கையை நீட்டினான். கை பூச்சாடியைத் தாண்டியது. சாவிக்கும் கறுப்பு அட்டைக்கும் நடுவில் இருந்த வெள்ளை விரிப்பில் வந்து இறங்கியது. அங்கே ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தது. விரல் அதை மெதுவாக, மிக மெதுவாக, நகர்த்திக்கொண்டிருந்தது.