கிணற்றடிப் பாத்திக் காய்

மீனாட்சிபுரம் கடைத்தெருவில் காய்கறிக் கடை வைத்திருந்தார் சைனுதீன். கழித்துப் போடும் காய்களை அவர் மனைவி கௌலத் வீட்டு ஆடுகளுக்குப் போடுவாள். எழுபத்து நாலாம் வருடம், பங்குனியில் ஒருநாள், கத்தரிக்காய் தின்ற இரண்டு ஆடுகளும் நுரை தள்ளிச் செத்துப்போயின. காய் ஈஸ்வரமூர்த்தியின் தோட்டத்தில் இருந்து வந்தது. காம்போரம் வெள்ளைப் பொடி அப்பியிருந்ததை அவளே பார்த்திருந்தாள்.

"பூச்சி மருந்துதான். கழுவினாப் போயிரும்" என்றார் சைனுதீன்.

"இனி அந்தக் காய் என் அடுப்புல ஏறாது."

மறுநாள் அவள் முத்தாத்தாளிடம் போனாள். ஈஸ்வரமூர்த்தியின் தோட்டத்தில் கூலிக்குக் காய் பறிக்கிறவள் முத்தாத்தாள். தன் வீட்டருகே சாணியெரு மட்டும் போட்டுக் கத்தரி வைத்திருந்தாள். நாலு காய்க்கு ஒன்று சொத்தை. கௌலத் கூடை நிறைய வாங்கி, மூடாமல், கடைத்தெரு வழியாகவே தூக்கி வந்தாள்.

"கடைக்காரன் பொண்டாட்டியே வெளியில காய் வாங்கறான்னு ஊரே சிரிக்குது கௌலத்!" என்றார் சைனுதீன்.

"சிரிக்கட்டும். ஏன்னு கேட்டாச் சொல்றேன்."

கேட்டார்கள், சொன்னாள். பத்து நாளில் பாதித் தெருப் பெண்கள் முத்தாத்தாள் வீட்டுக்குக் கூடையோடு போனார்கள்.

ஈஸ்வரமூர்த்தி கடைக்கே வந்துவிட்டார். கடைக் கட்டடமும் அவருடையதுதான். அவரைக் கண்டதும் எப்போதும்போல சைனுதீன் எழுந்து நின்றார்.

"ஏனுங்க பாய், உங்க ஊட்டம்மா என்ர காய விசம்னு சொல்லீட்டுத் திரியறாங்களாமா?"

கடைக்குள்ளே வீட்டுக்குப் பருப்பு புடைத்துக்கொண்டிருந்த கௌலத் முறத்தோடு வெளியே வந்தாள்.

"உங்க காயையே வாங்கிக்கறேங்க. கிணத்தடியில ஒரு பாத்தி இருக்காமே, மருந்து படாம, உங்க வீட்டுச் சமையலுக்குன்னு தனியா. அதுல பறிச்சுக் குடுங்க."

கடையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈஸ்வரமூர்த்திக்கு முகம் கறுத்தது.

"எவ சொன்னா?"

"நாந்தானுங்க" என்றாள் முத்தாத்தாள். பக்கத்துக் கடைக்கு உப்பு வாங்க வந்தவள் தெருவிலேயே நின்றிருந்தாள். "அந்தப் பாத்தியில பறிச்சு உங்க ஊட்டுல குடுக்கறதே நாந்தானுங்களே."

"நாளைக்கு நீ வேலைக்கு வராத!"

"வரலீங்க."

"பாய், மாசக் கடைசியில கடையக் காலி பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இரண்டு நாள் சைனுதீன் மனைவியிடம் பேசவில்லை. பதினைந்து வருடக் கடை. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்க மனம் வரவில்லை. மூன்றாம் நாள் சோற்றுக்கு உட்கார்ந்தவர், தட்டில் இருந்த முத்தாத்தாள் வீட்டுக் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்தார்.

"அவர் பிள்ளைகளுக்கு ஒரு காய், நம்ம பிள்ளைகளுக்கு ஒரு காய். இத்தனை நாள் நான்தானே எடை போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார்.

மாதக் கடைசிவரை அவர் காத்திருக்கவில்லை. மறுநாளே தராசைத் தூக்கி வந்து வீட்டு வாசலில் சாக்கை விரித்தார். முத்தாத்தாளும் இன்னும் இரண்டு பேரும் கொண்டுவந்த கத்தரி, அவரை, கீரை, அவ்வளவுதான் சரக்கு. பழைய வாடிக்கையில் பாதிப் பேர் வரவில்லை. சொத்தைக் காயைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பியவர்களும் உண்டு. வந்தவர்களுக்கு கௌலத் எடை போட்டாள்.

உச்சிக்கு முன் ஈஸ்வரமூர்த்தியின் வண்டி அந்தச் சந்தில் வந்து, வாசலுக்கு நேரே மெதுவானது. சைனுதீன் நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"அடுத்தது யாரும்மா? கூடையக் கொண்டாங்க" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.