ரிங்டால் கல்லறையின் மஞ்சள் பூ

ரிங்டால் குடும்பத்துக் கல்லறையில் புல் கணுக்காலைத் தாண்டி வளர்ந்ததில்லை. சனிக்கிழமைதோறும் ஆர்டிஸ் தானே வண்டியை ஓட்டிப் புல் வெட்டிவிடுவாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்த போன கோடையில்தான் அது தவறியது. அமெரிக்காவின் அயோவா மாநிலம் முழுவதும் சோளத்துக்காக உழப்பட்டாலும், ஊர்க் கல்லறைத் தோட்டத்து மண்ணில் ஏர் பட்டதில்லை. விட்டதுதான் சாக்கு என்று காட்டுப்பூக்கள் ஆளுயரத்துக்குக் கிளம்பிவிட்டன. தங்கை மாரெட் தினமும் மடக்கு நாற்காலியோடு போய் அவற்றை வரைந்தாள். படுத்துக் கிடந்த அக்காவுக்கு சூப் கொண்டுவரத்தான் அவளுக்கு நேரமில்லை.

மே மாதம் அந்தப் படம் ஊர் நூலகச் சுவரில் ஏறியது. ஆர்டிஸ் ஊன்றுகோலோடு போய்ப் பார்த்தாள். ஊதாவும் மஞ்சளுமாகப் பூக்கள். நடுவே சாய்ந்த கல். அதில் 'ரிங்டால்' என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தது.

நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். மாரெட் தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா கல்லறை நாதியத்துக் கிடக்குன்னு ஊருக்கே படம் போட்டுக் காட்டியிருக்கே."

"அது களை இல்லக்கா. நம்ம ஆளுங்க இங்க குடியேற வர்றதுக்கு முன்னாலயே இங்க இருந்த பூ."

"களைக்கு வயசானா பூவாயிடுமா? பேரை எடு. இல்லேன்னா என் பக்கத்துல உனக்குக் குழி கிடையாது. கல்லறைக் கமிட்டித் தலைவி நான்தான்."

"உன் பக்கத்துலயா? உயிரோட இருக்கும்போதே அது தாங்கல."

ஆனாலும் மறுநாள் மாரெட் நூலகத்துக்கு வண்ணக் குழம்போடு போனாள். பெயர் இருந்த இடத்தில் பெரிய மஞ்சள் பூ ஒன்று மலர்ந்தது. அன்றே ஆர்டிஸ் கல்லறையை மொட்டையடித்தாள்.

ஜூலையில் அந்தப் படம் மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. அந்த ஞாயிறு, தேவாலயத்தில் ஆராதனை முடிந்து காபி குடிக்கும் நேரத்தில், அதே தோட்டத்தில் குடும்பக் கல்லறை வைத்திருந்த பெர்னிஸ் ஹாகன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அந்தப் படத்துல இருக்கிறது எங்க தாத்தா கல்லு. அது இப்படித்தான் சாஞ்சிருக்கும்."

ஆர்டிஸின் கோப்பை தட்டில் மோதியது. "பெர்னிஸ், அது எங்களோடது."

"உங்க இடத்துல ஒரு பூவைக் காட்டேன், பார்ப்போம். சிரைச்ச தலையாட்டம்ல இருக்கு!"

கூடம் சிரித்தது. ஆர்டிஸ் தங்கையைப் பார்த்தாள். "சொல்லேன்டி, யார் கல்லுன்னு."

மாரெட் காபியைக் கலக்கினாள். "பேரை எடுக்கச் சொன்னே, எடுத்துட்டேன். இனிமே அது யாரோடதோ, எனக்கென்ன தெரியும்?"

அதற்குப் பிறகு புல்வெட்டும் வண்டி அந்தக் கல்லின் பக்கம் போகவில்லை. ஆர்டிஸ் சுற்றிலும் முளையடித்துக் கயிறு கட்டினாள். 'ரிங்டால்களுடையது, மிதிக்காதே' என்று பலகை வைத்தாள். எத்தனையோ வருஷம் வெட்டியும் சாகாத வேர். அடுத்த ஜூலையில் மஞ்சள் பூ அவள் தலைக்கு மேல் நின்றது.

மாரெட் நாற்காலியோடு வந்தாள். "களைக்குக் காவலாக்கா?"

"களைதான். ஆனா எங்க களை. கயித்துக்கு வெளிய உட்காரு."

"வெளிச்சத்தை மறைக்கிறே. தள்ளி நில்லு."

ஆர்டிஸ் அசையவில்லை. ஊன்றுகோலால் செடிகளை விலக்கி, கல்லில் இருந்த பெயரைத் தட்டினாள்.

"முதல்ல இதை எழுது. எழுதி முடிச்சப்புறம் தள்ளி நிக்கிறேன்."