தையலுக்கு விட்ட இடம்

புருஷனைப் பிரிந்து, ஒரு தையல் மெஷினோடு அக்கா வீட்டு மாடியறையில் வந்து ஒண்டிக்கொண்டவளுக்கு அந்தத் தெரு எட்டு மாதமாகியும் பிடிகொடுக்கவில்லை. 'மாடி வீட்டுத் தையக்காரி' என்பதோடு சரி. அதனால்தான், தெருமுனைச் சுவரில் எல்லோரும் சேர்ந்து சில்லுகளால் பதிக்கப்போகும் பெரிய பறவையின் தலை தன் பங்காக வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இதில் சொதப்பினால் இனி இந்தத் தெருவில் முகம் காட்ட முடியாது என்ற பயமும் இருந்தது.

வீட்டுக்கு ஒரு தாள். உடைந்த தட்டு, கோப்பை, டைல்ஸ் துண்டுகளைப் பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துத் தாளில் பசையால் ஒட்ட வேண்டும். மேஸ்திரி தாளோடு அதைச் சுவரின் ஈரச் சிமெண்டில் அழுத்துவார். பிறகு தாளை நனைத்து உரிப்பார். அதுவரை படத்தின் முகம் யாருக்கும் தெரியாது. தெருவே இடம் வலம் தெரியாமல் குழம்பியது. உள்பக்கமாகத் தைத்துத் திருப்பியே பழகியவளுக்கு மட்டும் அது தண்ணீர் பட்ட பாடு.

ஞாயிறு காலை மேஸ்திரி உரித்தார். வால் வந்தது, சிறகு வந்தது. தலையும் வந்தது, ஆனால் தலை வேறு முண்டம் வேறாக. சுற்றிலும் விரலகலத்துக்கு வெறும் சிமெண்ட்.

"என்னம்மா, ஓரத்துல ஒட்டவே இல்லையே?"

"தையலுக்கு விட்டேன்" என்றாள் அவள். "ரெண்டு துணிய சேக்கணும்னா ஓரம் விடணும்ல. கை தன்னால விட்ருச்சு."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "சிமெண்டுல யாரும்மா தையல் போடுவாங்க? கொஞ்ச நேரத்துல இறுகிடும். ஒரு சில்லு கூட மிச்சமில்ல."

அக்கா தரையைப் பார்த்தாள். தங்கை மாடிப்படியைப் பார்த்தாள். ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போதும் என்றிருந்தது.

எதிர்வீட்டு பஸ் டிரைவர் கையிலிருந்த டீயைக் கடைசி மடக்குக் குடித்தார். கோப்பையைத் துணியில் சுற்றி மேஸ்திரியின் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். "பச்சை. ஆகுமா பாருங்க."

அவ்வளவுதான், வீடு வீடாக உடையும் சத்தம். கோடி வீட்டு அம்மாள் வெள்ளைக் கிண்ணத்தோடு மருமகளுக்கு முன்னால் வந்தாள். "மாமியார் உடைச்சா மண்குடம்தானே? யாரும் கேக்க மாட்டாங்க."

தையல்காரி ஒவ்வொன்றையும் வாங்கி, விரல் எரிய எரிய அழுத்தினாள். மேஸ்திரி ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு விலகினார். யாரும் வரையாத ஒரு வளையம் பறவையின் தலையைச் சுற்றி வெயிலில் எரிந்தது. தன் கைதான் இதைச் செய்ததா என்று அவளால் நம்ப முடியவில்லை.

"அந்தப் பச்சை நம்ம வீட்டுது" என்றார் டிரைவர். "வெள்ளை எங்களுது" என்றாள் கோடி வீட்டு அம்மாள். ஆளாளுக்கு விரல் நீட்டினார்கள்.

அவளும் பார்த்தாள். எட்டு மாதமாக அவள் படியேறாத வீடுகளெல்லாம் அவள் விட்ட விரலகல இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தன.