பால் பெயின்ட் ஒட்டாத இடம்

1

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில், ஷேர் ஆட்டோவுக்குள் ஒருவர் குட்டைக் கால்கள் வைத்த மரப்பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஜெபம் செய்யும்போது முழங்கால் போடுகிற பலகை. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் தொடக்கம்: ‘ஜோவிதா பாலைத் திரித்து, சுண்ணாம்பும் நிறப்பொடியும் கலந்து, காலத்தையே பூசுகிற—’

(வேண்டாம். அழகாக இருக்கிறது, அதனாலேயே வேண்டாம்.)

இரண்டாவது: இருங்காட்டுக்கோட்டையில் ஷெட் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பழைய மரச்சாமான்களுக்குப் பால் பெயின்ட்* அடித்துத் தருபவள் ஜோவிதா. கார் கம்பெனியில் வேலை பார்க்கும் டெனிசன் அந்தப் பலகையை அவளிடம் கொண்டுவந்தான்.

“கால் ஒண்ணு ஆடுது மேடம். அத்த மட்டும் சரி பண்ணிக் குடுங்க.”

பலகை, இறந்துபோன அவன் மனைவி அமலாவுடையது. அதற்கு முன் அமலாவின் அம்மாவுடையது. இரண்டு பேரும் முழங்கால் போட்டுப் போட்டு நடுவில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது.

* வெறும் மரத்தில்தான் பிடிக்கும். எண்ணெயோ மெழுகோ ஊறியிருந்தால் உரிந்து வந்துவிடும். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

3

காலைச் சரிசெய்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் ஜோவிதாவுக்குக் கை சும்மா இருக்காது. போட்டோ எடுத்துப் போட்டால் நாலு பேர் பார்ப்பார்களே என்ற ஆசை வேறு. நீலம் அடித்தாள். எல்லா இடத்திலும் பிடித்தது, பள்ளங்களில் மட்டும் உரிந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி உரிந்தது. தோலின் எண்ணெயும் மெழுகுவத்திச் சொட்டும் அவ்வளவு ஆழம் இறங்கியிருந்தன. அவளுக்கு எரிச்சல் வந்தது. இழைப்புளியை எடுத்து, பலகை மட்டமாகும்வரை இழைத்துத் தள்ளினாள்.

அப்புறம் நீலம் சமர்த்தாகப் பிடித்துக்கொண்டது. கடைசியில், பழசு மாதிரி தெரியட்டும் என்று, யாருடைய முழங்காலும் படாத ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டாள்.

(பள்ளம் எதனால் விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது என எழுதிப் பார்த்தேன். பொய். சின்ன வயதிலிருந்து முழங்கால் போட்டு ஜெபமாலை சொன்னவள். தெரியும்.)

4

டெனிசன் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தான்.

“சூப்பரா கீது மேடம்.”

செருப்பைக் கழற்றிவிட்டு, பலகைமேல் முழங்கால் போட்டான். கொஞ்சம் முன்னே நகர்ந்தான். கொஞ்சம் பின்னே நகர்ந்தான். முழங்கால்கள் எதையோ தேடின. ஜோவிதாவுக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. அவனைப் பார்க்க முடியாமல் பெயின்ட் டப்பாவின் மூடியை அழுத்தினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“பலகைய திருப்பிப் போட்டுட்டீங்களா மேடம்? அமலா முட்டி போட்ட பக்கம் அடியிலயா கீது?”

5

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள். அவன், “பரவால்ல மேடம்,” என்கிறான்.

(அந்தப் ‘பரவால்ல’வை எழுத எனக்கு மனம் வரவில்லை. அவளை லேசில் விட்டுவிடுகிறது.)

முடிவு இரண்டு: “ஆமாண்ணா, அடியிலதான் இருக்கு. பெயின்ட் நல்லா காயற வரைக்கும் திருப்பிடாதீங்க.” அவன் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறுகிறான்.

(இது தடங்கலில்லாமல் எழுத வந்தது. அதுதான் கேவலம்.)

முடிவு மூன்று: ஜோவிதா அழுது—

இல்லை. அழுதால் அவன்தான் அவளைத் தேற்ற வேண்டியிருக்கும்.

டெனிசன் எழுந்துவிட்டான். கேள்வி கேட்டவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். ஜோவிதா வாயைத் திறக்கவில்லை, எனக்கும் பதில் வரவில்லை. நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள். சீக்கிரம், அவன் குனிந்து பலகையைத் திருப்புகிறான்.