ஒன்பது நிமிட வித்தியாசம்

மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் எனக்குக் கொடுத்த வேலை எளிமையானது. ஒரே நோயாளிக்குத் தவறுதலாக இரண்டு கோப்புகள் இருந்தால், கணினியில் அவற்றை ஒன்றாக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் மூன்றும் பொருந்தினால் போதும் என்பது விதி. நான் நான்காவதாக முகவரியையும் பார்ப்பேன். என்மேல் எனக்கு அவ்வளவுதான் நம்பிக்கை.

திங்கட்கிழமை அறுபத்தோரு கோப்புகளை முடித்தேன். அதில் ஒன்று பெயர் வைக்காத ஆண் குழந்தை. தாயின் பெயரில்தான் பதிவு. நான்கும் பொருந்தின. பிறந்த நேரத்தில் மட்டும் ஒன்பது நிமிடம் வித்தியாசம். யாரோ நேரத்தைத் திருத்தி மறுபடி பதிந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒன்றாக்கினேன்.

செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பின் இடைவேளையில், பக்கத்து இருக்கை ஆய்வகப் பணியாளர் தன் அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"என்னைவிட ஏழே ஏழு நிமிஷம் மூத்தவன். அதுக்கு இன்னிக்கு வரைக்கும் அதிகாரம் பண்றான்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த ஒன்பது நிமிடம் நினைவுக்கு வந்தது.

மருத்துவமனைக்குத் திரும்பி ஓடினேன். பிரிவுத் தலைவர் அப்போதுதான் பையை எடுத்துக்கொண்டிருந்தார். முத்திரை இல்லாத தாளைத் தொடமாட்டார் என்பதால் அவருக்கு 'முத்திரை அண்ணன்' என்று பெயர். இருவரும் கோப்பைத் திறந்தோம். இரட்டையர்களேதான். திங்கட்கிழமை வீட்டுக்குப் போகுமுன் இருவருக்கும் காமாலைக்கு ரத்தம் எடுத்திருந்தார்கள். ஒரு முடிவு பதினேழு, சிகிச்சை தேவைப்படும் அளவு; அடுத்தது ஒன்பது, பயமில்லை. மருத்துவரின் திரையில் கடைசி எண் மட்டுமே தெரியும். அவர் ஒன்பதைப் பார்த்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போயிருக்கிறார்.

குழந்தை மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பதினேழு யாரோடது?" என்று மட்டும் கேட்டார்.

ரத்த மாதிரிக் குப்பியில் ஒட்டிய சீட்டின் எண்ணை மூன்று முறை பார்த்தேன். "சின்னவனோடது, டாக்டர்."

"நேத்தே பதினேழுன்னா இன்னிக்கு ஏறியிருக்கும். உடனே வரச் சொல்லுங்க."

முத்திரை அண்ணன்தான் தாயைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். "ஒண்ணுமில்லம்மா, வழக்கமான பரிசோதனைதான்…"

"அப்போ காலைல வரோமே," என்றது தாயின் குரல். "ரெண்டு பேரையும் இப்பத்தான் தூங்க வச்சேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன். அவர் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டார். "கேஸ் போட்டுருவாங்க தம்பி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கோப்புகளைப் பிரிக்க இரண்டு நிமிடம் போதும். காலையில் வந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் வழக்கமான பரிசோதனைக்கு எந்தத் தாய் தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள்?

"குடுங்கண்ணே," என்று வாங்கினேன். "அம்மா, நான் பதிவுப் பிரிவுல வேலை செய்யறேன். உங்க ரெண்டு பிள்ளைங்க கோப்பையும் தப்பா ஒண்ணாக்கிட்டேன். சின்னவனுக்குக் காமாலை அதிகமா இருந்தது டாக்டர் கண்ணுல படல. தப்பு என்னோடது. காலை வரைக்கும் காத்திருக்காதீங்க."

தாய் சின்னவனைத் தட்டி எழுப்பிப் பார்ப்பது கேட்டது. பிறகு, "மத்தியானத்திலேருந்து பாலுக்குக்கூட எந்திரிக்கல," என்றார். "அண்ணன்காரன் கத்திக்கிட்டே இருந்தான். இவன் சமர்த்துன்னு நினைச்சேன்."

நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டார்கள். காத்திருந்த நேரத்தில் தவறு அறிக்கையை எழுதினேன். 'வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை' என்று எழுதி, அடித்துவிட்டு, 'கவனித்தேன். யாரையும் கேட்கவில்லை' என்று மாற்றினேன். அண்ணன் படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

சின்னவனுக்கு இப்போது அளவு இருபது. கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே படுக்கவைத்தார்கள். இரண்டு நாளில் இறங்கிவிடும், நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் மருத்துவர். தந்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

தாய் திரும்பினார். "ஃபோன்ல பேசினது நீதானா?"

"ஆமாம்மா."

"இங்க வா. அவன் கால் பட்டையில இருக்கற எண்ணையும் திரையில இருக்கறதையும் சத்தமாப் படி. நான் கேக்கணும்."

படித்தேன்.

"இப்போ பெரியவனோடது."

அதையும் படித்தேன்.

"இன்னொரு தடவை," என்றார். முதலிலிருந்து ஆரம்பித்தேன்.