விளம்பரம் விலக்கு

நல்லான்சத்திரம் பஞ்சாயத்து போர்டில் மொத்தம் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் ஆண்கள். மிச்சமிருந்த ஒருத்தி ஞானாம்பாள். போர்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்ததோடு சரி, அதற்குப் பிறகு அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மூன்று வருஷமாகக் கூட்டத்துக்குப் போவாள், ஓரத்து நாற்காலியில் உட்காருவாள், கொடுக்கிற காப்பியைக் குடிப்பாள், காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். எட்டாவது வரை படித்தவள். அந்தப் படிப்பைக் கையெழுத்தில் மட்டும்தான் காட்ட முடிந்தது, பாவம்.

அப்படிப்பட்டவள் 1964ஆம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். அதுவும் மிட்டாய் விளம்பரத்துக்கு எதிராக. ஊர் சிரித்தது.

சிரிக்கிற விஷயமா அது? நீங்களே சொல்லுங்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டை ஒட்டித்தான் நல்லான்சத்திரத்துப் பள்ளிக்கூடம். தினமும் பதினோரு மணி வாக்கில், பிள்ளைகளை வெளியே விடுகிற நேரம் பார்த்து, கடலூர்ப் பக்கமிருந்து ஒரு பழைய வேன் வந்து நிற்கும். அதன் தலைமேல் இரண்டு ஒலிபெருக்கிப் புனல்கள். உள்ளே டின் டின்னாக நீலக்கிளி மிட்டாய். திருப்பாதிரிப்புலியூரில் கம்பெனி வைத்திருந்த பொன்னுரங்கம் என்பவருடைய சரக்கு அது. சர்க்கரைக்குப் பதில் சாக்ரின், கலருக்கு என்ன சாயமோ ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஒன்று தின்றால் சாயங்காலம் வரைக்கும் நாக்கு நீலமாக இருக்கும்.

சும்மா விற்றிருந்தால் தொலைகிறது என்று விட்டிருக்கலாம். வேனில் மைக்கைப் பிடித்தவர் அப்துல் வதூது. அந்த மனிதருக்குக் குரல் அப்படி ஒரு குரல். குரலைவிடப் பெரிது அவருடைய தந்திரம். வந்த முதல் வாரமே பிள்ளைகளின் பெயரையெல்லாம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அதன் பிறகு மைக்கில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆறுமுகத்தைக் காணோமே, நீலக்கிளி தேடுதே என்பார். கமலா, உனக்காகத்தான் வந்தேன் என்பார். வேலை ஏவுவதற்கும் அடிப்பதற்கும் மட்டுமே தங்கள் பெயரைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் அவை. ஊருக்கே கேட்கிற மாதிரி புனலில் தங்கள் பெயர் வந்தால் கால் நிற்குமா? வீட்டுப் புளியும் நெல்லும் மடியில் மறைந்து கடைக்குப் போய் மிட்டாய்க்குக் காசாயின.

பள்ளிக்கூடத்துப் பகல் சாப்பாட்டைப் பரிமாறப் போகிறவள் ஞானாம்பாள். சாம்பார் சாதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தட்டுத் தட்டாகத் திரும்பி வருவதை அவள் பார்த்தாள். வாத்தியாரிடம் சொன்னாள், கேட்டுக்கொண்டார். புருஷன் தங்கராசுவிடம் சொன்னாள், அவனும் கேட்டுக்கொண்டான்.

ஒரு நாள் அவளுடைய ஏழு வயசு மகள் தில்லையம்மாள் நீல நீலமாக வாந்தி எடுத்தாள். சிதம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்தச் சாயம் துணிக்குப் போடுகிறது, வயிற்றுக்குப் போடுகிறதில்லை என்று டாக்டர் சத்தம் போட்டு மருந்து கொடுத்தார். மறுநாள் பிள்ளை பாயில் துவண்டு கிடந்தது. பதினோரு மணிக்கு ரோட்டில் வேன் வந்தது. புனலில் அதன் பெயர் வந்தது. எழுந்து உட்காரத் தெம்பில்லாத பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது.

"அம்மா, என்னை உடும்மா. என்னைக் கூப்புடுறாங்க."

ஞானாம்பாள் பிள்ளையைப் பிடித்து மறுபடியும் பாயில் படுக்க வைத்தாள். மிட்டாயை நிறுத்தினால் போதாது, இந்தக் கூப்பாட்டை நிறுத்த வேண்டும் என்று அன்றைக்கு முடிவு கட்டினாள்.

போர்டுத் தலைவர் ராஜமாணிக்கம் உறவில் அவளுக்கு மாமா. நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் சிரித்தே தள்ளிவிடுவார். மிட்டாய்க்கெல்லாம் தீர்மானமா என்று சிரித்தார். அவளோ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இதை எழுதாமல் காப்பியைத் தொட மாட்டேன் என்றாள். போகட்டும், எழுதிக்கொள் என்று குமாஸ்தா தட்சிணாமூர்த்தியிடம் சொல்லிவிட்டார் தலைவர்.

இங்கேதான் வந்தது வினை. பள்ளிக்கூடத்திலிருந்து இருநூறு கஜத்துக்குள் சாய மிட்டாய் விற்பனை தடை, விளம்பரம் தடை என்று தட்சிணாமூர்த்தி எழுதினார். ஞானாம்பாள் வாங்கிப் படித்துப் பார்த்தாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடை வருகிறதே, கேட்க நன்றாகவா இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. மதுவிலக்கு என்று சர்க்கார் எவ்வளவு கம்பீரமாக ஒரு வார்த்தை வைத்திருக்கிறது! அதே மாதிரி இருக்கட்டும் என்று இரண்டாவது தடையை அடித்துவிட்டு 'விளம்பரம் விலக்கு' என்று தன் அழகான கையெழுத்தில் எழுதினாள். சிதம்பரத்தில் நோட்டீஸ் அச்சடிக்கப் போனபோது அச்சாபீஸ்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, விலக்கா தடையாம்மா என்று கேட்டார். விலக்குத்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தாள். எட்டாவது படிப்பு பேசிற்று, வேறென்ன.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் பதினோரு மணிக்கு வேன் வந்தது. விற்கவில்லை. ஆனால் புனல் முன்னைவிட ஜாஸ்தியாக முழங்கியது. பெயர் பெயராகக் கூப்பிட்டு, இருநூறு கஜம் தாண்டி ஆலமரத்தடிக்கு வாருங்கள் கண்மணிகளே என்றது. பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. போதாக்குறைக்கு வேனின் பக்கவாட்டில் பஞ்சாயத்து நோட்டீஸையே ஒட்டி, 'விளம்பரம் விலக்கு' என்பதற்கு அடியில் சிவப்புக் கோடு வேறு போட்டிருந்தார்கள்.

ஞானாம்பாளுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்துக் கடலூர் போய், திருப்பாதிரிப்புலியூரில் கம்பெனியைத் தேடிக் கண்டுபிடித்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். பொன்னுரங்கம் மரியாதையாக நாற்காலி போட்டு, கலர் சோடா வரவழைத்துக் கொடுத்தார். சோடாவை அவள் தொடவில்லை. சட்டத்துக்கு மேல் தான் ஒரு அடி வைப்பதில்லை என்று சொல்லி, அவர் நோட்டீஸை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

"வரிவிலக்குன்னா என்னம்மா? வரி கெடையாதுன்னு அர்த்தம். அதே மாதிரி விக்கிறதுக்குத் தடை, விளம்பரத்துக்கு வெலக்கு. ரெண்டும் ஒண்ணுன்னா ரெண்டு வார்த்தை எதுக்குப் போடுறீங்க?"

அவளுக்கு முகம் செத்துவிட்டது. மதுவிலக்கில் இருக்கிற விலக்கு வேறு, வரிவிலக்கில் இருக்கிற விலக்கு வேறு என்பது அந்த நிமிஷம் வரை அவள் புத்தியில் தட்டவேயில்லை. தன் கையால் எழுதி, தன் கையால் அச்சுக்குக் கொடுத்த வார்த்தை! அழுகை வந்தது, அவர் முன்னால் அழக் கூடாது என்று எழுந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குத் தலைவர் என்னையும் கூப்பிட்டிருக்கிறார், இந்தக் குழப்பம் பிடித்த தீர்மானத்தை ரத்து செய்துவிடலாம் என்கிறார் என்று பொன்னுரங்கம் பின்னாலிருந்து இனிமையாகச் சொன்னார். ரத்தானால் புனலுக்குக் கேள்விமுறையே கிடையாது. அவளும் இனிமேல் வாயைத் திறக்க முடியாது.

வெளியே வதூது வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பாப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அந்த விசாரிப்பில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்களே பாய், நீங்கள் பிள்ளை பெற்றவர்தானே என்று கேட்டுவிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தன் மனைவி அஜீசுன்னிசா இந்த மிட்டாயை வீட்டு வாசற்படி ஏற விடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

"மிட்டாய்ல ஒண்ணுமில்லக்கா," என்றார். "எல்லாம் பேருலதான் இருக்குது. மைக்குல பேரைக் கேட்டா பெரியவங்களே நிக்க மாட்டாங்க, புள்ளைங்க எங்க நிக்கும்? நம்ம கையில என்ன இருக்குது, மொதலாளி யாரைச் சொல்றாரோ அவரைக் கூப்புடுவேன்."

ஞானாம்பாள் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நாலு எட்டு வைத்தாள். அப்புறம் நின்றாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே போனாள். பொன்னுரங்கத்திடம் குரலைத் தாழ்த்தி, எங்கள் தலைவருக்கு ஒரு மனக்குறை உண்டு என்றாள். ஊர்ப் பிள்ளைகள் பெயரெல்லாம் மைக்கில் வருகிறது, தலைவர் பெயர் ஒரு தரம்கூட வரவில்லையே, வெள்ளிக்கிழமை கூட்டம் நடக்கும்போது ஒரு வார்த்தை அவரையும் கூப்பிட்டால் குளிர்ந்துபோவார் என்றாள். இந்த அம்மாள் தோற்றுப்போய்ச் சமாதானத்துக்கு வந்துவிட்டாள் என்று பொன்னுரங்கத்துக்கு வாயெல்லாம் பல். நல்ல யோசனை என்றார். ஒரு டின் மிட்டாயும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போகும்போது வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. ஒருவேளை மாமா அசையாமல் உட்கார்ந்துவிட்டால்? அதற்கு மேல் அவளிடம் வேறு வழி எதுவும் கிடையாது.

பொன்னுரங்கம் முதலில் பேசினார். மதுவிலக்கு, வரிவிலக்கு என்று அவர் விளக்க விளக்க உறுப்பினர்கள் ஞானாம்பாளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். தட்சிணாமூர்த்தி மட்டும், நான் தடை என்றுதான் எழுதினேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி முணுமுணுத்தார். அப்புறம் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"யம்மா ஞானம், உன் மேல எனக்குக் கோவமில்ல. ஆனா மைக்குல கூப்புட்டா ஓடிடுமா புள்ளைங்க? எல்லாம் வளக்குற வளப்புல இருக்குது. மனசு கட்டுப்பாடா இருந்தா எவன் கூப்புட்டா என்ன, எந்த..."

வெளியே புனல் கரகரத்தது. 'நல்லான்சத்திரத்தின் நன்முத்து, ஏழைகளின் தோழர், தலைவர் ராஜமாணிக்கம் அவர்களே! நீலக்கிளி உங்களைத்தான் தேடி வந்திருக்கிறது!' என்று வதூதின் குரல் தெருவெங்கும் பாய்ந்தது. இரண்டாம் முறையும் வந்தது. இந்த முறை 'எங்கே எங்கள் ராஜமாணிக்கம்?' என்று கொஞ்சலாக.

பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைத் தலைவர் முடிக்கவேயில்லை. முகம் மலர்ந்துவிட்டது. மேல்துண்டை உதறி ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். என்னவென்று பார்த்துவிட்டு ஒரு நிமிஷத்தில் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனார். வாசலைத் தாண்டியதும் நடை ஓட்டமாகிவிட்டது. அதை ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வேலியோரம் நின்று பார்த்தன.

திரும்பி வரும்போது அவர் கக்கத்தில் ஒரு டின் இருந்தது. ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. எங்கே விட்டேன் என்று கேட்க வாயைத் திறந்தார். நாக்கு நீலமாக இருந்தது. போர்டே குலுங்கிச் சிரித்தது, தட்சிணாமூர்த்திக்குப் பேனா கீழே விழுந்துவிட்டது. பொன்னுரங்கம்தான் முதலில் சிரித்தவர். எதற்குச் சிரிக்கிறோம் என்று உறைத்ததும் நிறுத்தினவரும் அவர்தான்.

ஞானாம்பாள் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். மூன்று வருஷத்தில் அந்த அறையில் அவள் பேசுவதற்கென்று எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"மாமா, உங்களுக்கு அம்பத்திரெண்டு வயசு. எம் பொண்ணுக்கு ஏழு."

அவ்வளவுதான் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது. ராஜமாணிக்கம் வாயில் இருந்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் சிறிது நேரம் நின்றார். வேலியோரம் நின்ற பிள்ளைகளை ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தார். பிறகு டின்னைப் பொன்னுரங்கத்தின் மடியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சிரித்துத் தள்ளுகிற மனிதருக்குச் சிரிப்பே வரவில்லை. தீர்மானம் ரத்து கிடையாது, அந்த வார்த்தையைச் சரி பண்ணு என்று குமாஸ்தாவிடம் சொன்னார். பொன்னுரங்கம், ஐயா விலக்கு என்றால் என்று ஆரம்பித்தார். கொஞ்சம் சும்மா இருங்க என்று தலைவர் கையைக் காட்டினார்.

தட்சிணாமூர்த்தி பேனாவைக் குனிந்து எடுத்துக்கொண்டு, நான் சொன்னபடி தடை என்று போட்டுவிடட்டுமா அம்மா என்று கேட்டார்.

"தடையும் வேணாம், வெலக்கும் வேணாம்," என்றாள் ஞானாம்பாள். "கூடாதுன்னு எழுதுங்க. புள்ளைங்களைக் கூப்புடக் கூடாது."

சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். பதினோரு கையும் எழுந்தன. மடியில் டின்னோடு உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம்கூட ஞாபகமில்லாமல் பாதிக் கையைத் தூக்கிவிட்டு, அசடு வழிய இறக்கிக்கொண்டார்.