பற்றவைத்த பெட்டி

நீதிமன்றச் சிப்பந்தி அந்த இரும்புப் பெட்டியை மேசைமேல் டங்கென்று வைத்தபோது வெல்டருக்கு முதலில் வந்தது கோபமல்ல, பெற்ற பிள்ளையை மேடையில் பார்த்த பூரிப்பு. எட்டிப் பார்த்தார். மூடியைச் சுற்றி அவர் பற்றவைத்த தடம் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது.

வேட்பாளரை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது கட்சி விதி. அதை நம்பித்தான் தெருவே நன்கொடை கொடுத்தது. வெல்டர் அதோடு நிற்காமல் ஓட்டுப்பெட்டியும் செய்துகொடுத்தார். பூட்டு வைத்தால் கள்ளச்சாவி முளைக்கும் என்று மூடியையே பற்றவைத்துவிட்டார். எல்லார் முன்னாலும் அறுத்துத்தான் திறக்க முடியும். என்ன மூளை!

அறுக்க யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தலைவரின் மருமகன் அமோக வெற்றி என்றார்கள். எதிர்த்து நின்ற வெல்டரின் மனைவிக்கு ஒரே ஒரு ஓட்டாம். பெட்டியை அறுத்தது பக்கத்துத் தெரு வெல்டராகத்தான் இருக்கும் என்று இவர் அவனோடு பேச்சை நிறுத்தினார். தையல் கடை வைத்திருந்த மனைவி இவரோடு நிறுத்தினாள். "அந்த ஒரு ஓட்டு நான் போட்டது. அப்போ உங்க ஓட்டு எங்கங்க போச்சு?" அதற்கப்புறம் சாப்பாடு வரும், பேச்சு வராது. நன்கொடை கொடுத்தவர்கள் கூடி மோசடி வழக்குப் போட்டபோதுகூட இருவரும் தனித்தனிப் பேனாவில்தான் கையெழுத்திட்டார்கள்.

"ஐயா, இதைத் திறக்கவே இல்லைங்க!" வெல்டர் எழுந்து கத்தினார்.

கட்சி வக்கீல் மறுக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் போனது. "ஆமா, திறக்கல. எங்க விதி, எங்க வீட்டு விவகாரம். நாலு பேர் ரூமுக்குள்ள உக்காந்து முடிவு பண்ணாலும் கேக்க இவங்க யாரு?"

"அப்புறம் எதுக்குய்யா பெட்டி?"

"நாங்களா கேட்டோம்? நீங்களா செஞ்சு குடுத்தீங்க."

பின்வரிசையில் சிரிப்பு. கட்சியின் உள்விதியில் தலையிட முடியாது, வழக்குத் தள்ளுபடி, பெட்டியைச் செய்தவரே எடுத்துப்போகலாம் என்று தீர்ப்பானது. வெல்டரின் கை வக்கீலின் காலரை நோக்கிப் போனது. பெட்டியைத் தூக்க வேண்டியிருந்ததால் வக்கீலின் சட்டை பிழைத்தது.

வண்டியில் மனைவி பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"நிஜமாவே எனக்குத்தான் போட்டீங்களா?"

"சத்தியமா உனக்குத்தான்டி."

"நீங்க சொல்ல வேணாம். பெட்டி சொல்லட்டும். வீட்டுல இல்ல, கட்சி ஆபீஸ் வாசல்ல."

பக்கத்துத் தெரு வெல்டரின் பட்டறை முன்னால் வண்டியை நிறுத்தினார்.

"என்ன, வழி தப்பிட்டீங்களோ?" என்றான் அவன், தலை நிமிராமல்.

"கட்டிங் மெஷினை எடுத்துட்டு வாய்யா. நான் அறுத்தா கள்ளத்தனம்பானுங்க. உன்னைச் சந்தேகப்பட்டதுக்கு, போற வழியில நீ என்னைத் திட்டிக்கோ."

அவன் பெட்டியின் மூடியைத் தடவிப் பார்த்தான். மெஷினை எடுத்துத் தன் வண்டியில் கட்டினான்.

இரண்டு வண்டிகளும் கட்சி ஆபீஸ் பக்கம் திரும்பின. ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டிக்குள் காகிதங்கள் சரசரத்தன, ஒரு தெருவே உள்ளே அடைபட்டு முணுமுணுப்பதுபோல. அவள் குனிந்து மூடியில் காதை வைத்துக்கொண்டாள்.